போர் விமானத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?



2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகர் விமானத் தளத்தில் மிக்-21 போர் விமானத்துக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. மிக்-21-ன் முதல் படைப்பிரிவு 1963-ல் அமைந்ததும் இதே சண்டிகரில்தான். முதலில் அதை ஓட்டியவர்களுக்குப் பேரன் முறை ஆகக்கூடிய வயதினர் கடைசியில் அதை ஓட்டினார்கள். சோவியத் நாடு மறைந்தும் அது தந்த விமானம் நம் வானில் 34 ஆண்டுகள் பறந்தது. ஒரு போர் விமானத்தை வாங்குவதென்று ஓர் அரசு கையெழுத்திட்டால் அதன் விளைவு இத்தனை காலம் நீள்கிறது. அப்படியானால் அந்தத் தேர்வை உண்மையில் யார் செய்கிறார்கள், எதை வைத்துச் செய்கிறார்கள் என்பதை நாம் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. மிக்-21 ஓய்வுபெற்றபின் கையில் இருப்பவை 29. ஒரு பிரிவில் பதினாறு முதல் பதினெட்டு விமானங்கள் இருக்கும். இந்தப் பள்ளம் ஒரே நாளில் விழுந்ததல்ல. பழைய விமானம் ஓய்வுபெறும் நாள் முன்பே தெரியும். புதியது வரும் நாள்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இடைவெளியை நிரப்ப நாம் கையில் எடுத்த வழி, பழையதை நவீனப்படுத்துவது.

1996-ல் 125 மிக்-21 விமானங்களைப் புதுப்பிக்க ரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டோம். அப்படி வந்ததுதான் பைசன். புதிய ரேடார் வந்தது, கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும் எதிரியைத் தாக்கும் ஏவுகணை வந்தது, விமானி தலைக்கவசத்தின் வழியே குறிவைக்கும் வசதி வந்தது. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்களோடு நடந்த மோதலில் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான் ஓட்டிச் சென்றது இந்த பைசனைத்தான். ஆனால் மின்னணுக் கருவிகளை மாற்றலாம், இறக்கையை மாற்ற முடியாது. மிக்-21-க்குச் சின்ன முக்கோண இறக்கை. தரையிறங்கும்போதும் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம் தேவை. உடலுக்குள் எரிபொருளுக்கு இடம் குறைவு, எஞ்சினோ ஒன்றே ஒன்று. இந்த மூன்றும் 1950-களில் வரைபடப் பலகையிலேயே முடிவானவை. எவ்வளவு செலவழித்தாலும் அவை மாறவில்லை. எத்தனையோ இளம் விமானிகளை நாம் இழந்தோம். அந்த விபத்துகளுக்கு விமானத்தை மட்டும் காரணம் சொல்வது நியாயமாகாது. மாற்று விமானம் வரத் தாமதமானதும், போதிய பயிற்சி விமானங்கள் இல்லாததும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

மிராஜ்-2000 விமானத்தின் கதை வேறு. 1985-ல் குவாலியருக்கு வந்த பிரெஞ்சு விமானம் அது. 1999-ல் கார்கில் போரில் டைகர் ஹில் மீது லேசர் வழிகாட்டிக் குண்டுகளை வீசிப் பெயர் வாங்கியது. 2011-ல் 51 மிராஜ்களை நவீனப்படுத்த ஒப்பந்தமானது. ஏவுகணைகளைச் சேர்க்காமலே செலவு பத்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த விலைக்குப் புது விமானமே வாங்கலாமே என்று அன்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் விமானிகளும் பராமரிப்பவர்களும் ஏற்கெனவே அறிந்த விமானம் அது. உடற்கூடும் வலுவாக இருந்தது. 2019-ல் பாகிஸ்தானின் பாலகோட்டைத் தாக்கப் போனதும் மிராஜ்தான். கொடுத்த விலை அதிகம், எடுத்த முடிவு சரி என்பது என் கருத்து.

ஜாகுவார் தாக்குதல் விமானத்தில் இப்படி முழுமையான நவீனப்படுத்தல் நடக்கவில்லை. ரேடாரையும் கணினியையும் மாற்றினோம். அதிக விசை தரும் அமெரிக்க எஞ்சினைப் பொருத்தும் திட்டமோ வருடக்கணக்கில் பேசப்பட்டு, விலை கட்டுப்படியாகாமல் கைவிடப்பட்டது. மற்ற நாடுகள் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டன. உலகில் ஜாகுவாரை இன்னும் பறக்கவிடும் விமானப்படை நம்முடையது மட்டுமே.

நல்ல தேர்வுக்கு உதாரணம் கேட்டால் நான் தயங்காமல் சுகோய்-30 எம்கேஐ விமானத்தைச் சொல்வேன். 1996 நவம்பரில் ரஷ்யாவோடு ஒப்பந்தம் போடும்போது, ரஷ்யர்கள் வைத்திருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ள நாம் சம்மதிக்கவில்லை. உடலும் எஞ்சினும் ரஷ்யாவுடையவை. காட்சித் திரைகளும் வேறு பல கருவிகளும் பிரான்சிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வந்தன. எல்லாவற்றையும் இயக்கும் மையக் கணினியை நம் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வடிவமைத்தது. அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கணினி நம்முடையதென்றால் புது ஆயுதத்தை இணைக்கும்போது இன்னொரு நாட்டின் மென்பொருள் சாவிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாமே உருவாக்கிய அஸ்திரா ஏவுகணை முதலில் சுகோயில் ஏறியது இதனால்தான்.

தஞ்சாவூரில் இதன் பலனைப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் அங்கே 222-ஆம் படைப்பிரிவு மறுபடி உயிர்பெற்றது. இந்தியப் பெருங்கடலையும் வங்கக்கடலையும் பார்த்து நிற்கும் அந்த சுகோய்கள் பிரமோஸ் ஏவுகணையைச் சுமக்கும். ஓர் ஏவுகணையின் எடை சுமார் இரண்டரை டன். விமானத்தின் வயிற்றுக்கடியில் அதைத் தொங்கவிட வேண்டுமென்றால் உடற்கூட்டை வலுப்படுத்த வேண்டும், மின் இணைப்புகளை மாற்ற வேண்டும், ஏவுகணை கழன்று விழும் நொடியில் விமானம் தடுமாறாதபடி கணக்குப் போட வேண்டும். இந்த வேலையை நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் பொறியாளர்கள் செய்தார்கள். 2017 நவம்பரில் சுகோயிலிருந்து ஏவிய பிரமோஸ் வங்கக்கடலில் இருந்த இலக்கைத் தாக்கியது. நவீனப்படுத்தல் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உள்ள வேலை இது.

இனி, நாம் நடத்திய மிகப் பெரிய தேர்வுக்கு வருகிறேன். 2007-ல் 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டோம். ரஃபேல், டைஃபூன், கிரிப்பன், எஃப்-16, எஃப்/ஏ-18, மிக்-35 என ஆறு விமானங்கள் போட்டியில் இறங்கின. பெங்களூரில் பறக்கவிட்டோம், ராஜஸ்தான் பாலைவனத்தின் வெயிலில் பறக்கவிட்டோம், லே நகரத்துக்குக் கொண்டுபோனோம். லே விமானத்தளம் கடல் மட்டத்துக்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு. எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். ஐரோப்பியச் சமவெளியில் அழகாகப் பறக்கும் விமானம் அங்கே சுமையோடு மேலெழுமா என்பது விளம்பரத் தாளைப் பார்த்தால் தெரியாது. இவ்வளவு கடுமையான ஒப்பீட்டுச் சோதனையை உலகில் மிகச் சில நாடுகளே செய்திருக்கின்றன. நம் சோதனை விமானிகளைப் பற்றி நான் பெருமைப்படுகிறேன்.

2011-ல் ரஃபேலும் டைஃபூனும் மட்டும் மிஞ்சின. வாங்கும் விலையோடு பல ஆண்டுப் பறப்புச் செலவையும் கூட்டிப் பார்த்து, 2012 ஜனவரியில் ரஃபேல் என்றார்கள். முதல் 18 பிரான்சிலிருந்து பறந்து வரும், மீதி 108 இங்கே கட்டப்படும் என்பது திட்டம். இங்கே கட்டப்படும் விமானத்தின் தரத்துக்கு யார் பொறுப்பு, அதைக் கட்ட எத்தனை மணி நேர உழைப்பு என்பதில் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. மூன்று ஆண்டுகள் அப்படியே போயின. 2015-ல் அந்த டெண்டர் கைவிடப்பட்டது. 2016-ல் இரு அரசுகளுக்கிடையே 36 விமானங்களுக்குக் கையெழுத்தானது. சுமார் 787 கோடி யூரோ. முதல் ஐந்து ரஃபேல்கள் அம்பாலாவில் இறங்கியது 2020 ஜூலையில். டெண்டர் விட்ட நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள். சரியான விமானத்தைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆனால் 126 என்பது 36 ஆகிவிட்டது. இங்கே உற்பத்தி செய்வதற்கான நிபந்தனைகளை, ஆறு பேர் போட்டியில் இருந்தபோதே முடித்திருக்க வேண்டும். ஒருவரை அறிவித்துவிட்டு அவரோடு பேரம் பேச உட்கார்ந்தால் நம் கையில் என்ன பலம் மிஞ்சும்?

சரி, நாமே செய்யலாமே என்று நேயர்கள் கேட்பீர்கள். செய்திருக்கிறோம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத், 1961-லேயே பறந்தது. ஒலியைவிட வேகமாகப் போகும் நோக்கத்தோடு வரைந்த அழகான உடல். அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவே இல்லை. எதிர்பார்த்த பிரிட்டிஷ் எஞ்சின் திட்டம் பாதியில் நின்றது. எகிப்து உருவாக்கிய எஞ்சினைக்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். கடைசியில் விசை குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சினோடே பறந்து, 1971 போரில் தன் கடமையைச் செய்து, 1990-ல் ஓய்வுபெற்றது.

தேஜஸும் அதே இடத்தில் முட்டியது. 2001 ஜனவரி 4 அன்று முதலில் பறந்த தேஜஸின் முதல் படைப்பிரிவுகளுக்கு வீடாக அமைந்தது நம் கோவைக்கு அருகேயுள்ள சூலூர். விமானம் நன்றாக வந்திருக்கிறது. சூலூர் விமானிகள் அதை விரும்பி ஓட்டுகிறார்கள். எஞ்சின் மட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் தருவது. 2021-ல் 83 புதிய மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அவற்றுக்கான எஞ்சின்களில் முதலாவது வந்து சேர்ந்தது 2025-ல். உடல் தயாராகி எஞ்சினுக்காகக் காத்திருக்கும் நிலை, மாருத்துக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும்.

எஞ்சின் ஏன் இவ்வளவு கடினம்? டர்பைனுக்குள் பாயும் வாயுவின் வெப்பம், டர்பைன் பிளேடு செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிட அதிகம். அந்த பிளேடை ஒற்றைப் படிகமாக, உள்ளே ஒரு படிக எல்லைகூட இல்லாமல் வார்க்க வேண்டும். அதன் உடலில் நுண்துளைகள் இட்டுக் குளிர்விக்கும் காற்றைச் செலுத்த வேண்டும். இந்த வித்தை கைவந்த நாடுகள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ளன. அவை அதை விற்பதில்லை. தேஜஸுக்காக நாம் தொடங்கிய காவேரி எஞ்சின், எடை கூடி, விசை குறைந்து, 2008-ல் அந்தத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

காவேரியைப் பலர் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதை வானில் சோதிக்க நம்மிடம் பறக்கும் சோதனைக்கூடம் இல்லாததால், 2010-ல் ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் ஓர் இல்யூஷின் விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். உயரத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கும் அறைக்கும் ரஷ்யாதான். ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டி, முறை வாங்கி, காத்திருந்து, முடிவைப் பார்த்து, திரும்பி வந்து திருத்தினால் எஞ்சின் எப்போது முதிரும்? இப்போது பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் அடுத்த தலைமுறை விமானத்துக்கு எஞ்சின் செய்யப் போகிறோம். நல்ல செய்தி. அதோடு, ஒரு படைப்பிரிவு வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, சோதனை விமானத்தையும் உயரச் சோதனைக்கூடத்தையும் இந்த மண்ணில் முதலில் கட்டுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த எஞ்சினின் முதல் குறையை நம் பொறியாளர்கள் இங்கேயே கண்டுபிடித்து, அடுத்த வாரமே திருத்தி ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும்.