சக்கரத்தின் அளவு



காருக்குப் புதுச் சக்கரம் வாங்கச் செல்லும் இளைஞர்கள் கடையில் கேட்கும் முதற் கேள்வி, "இருப்பதிலேயே பெரியது எத்தனை அங்குலம்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. பெரிய சக்கரம் காருக்குக் கம்பீரமான தோற்றம் தருகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், வார இறுதியில் அதே காரைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டு சென்று ஓட்ட விரும்புவோர்க்கு இந்தக் கேள்வி போதாது. பெரிய சக்கரம் காரை விரைவுபடுத்துமா, மந்தப்படுத்துமா என்பதை அவர்கள் ஆராய வேண்டும். அதற்கு வேண்டிய கணக்கும் விஞ்ஞானமும் உயர்நிலைப்பள்ளிப் பாடத்தைத் தாண்டியவை அல்ல. ஆகவே, ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வார இறுதி ஓட்டத்தில் இரண்டு வகை உண்டு. முதலாவது ஆட்டோகிராஸ். விசாலமான கார் நிறுத்துமிடத்திலோ விமான ஓடுதளத்திலோ கூம்புகளை நட்டு, வளைந்து வளைந்து செல்லும் பாதை ஒன்றை அமைப்பார்கள். கார்கள் ஒன்றோடொன்று முட்டி மோதுவதில்லை. ஒவ்வொன்றாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும். அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு தோன்றிய ஸ்போர்ட்ஸ் கார் கிளப், 1973 முதல் இதற்கெனத் தேசியப் போட்டியை நடத்தி வருகிறது. அங்கே ஒரு கூம்பைத் தட்டினால் ஓட்ட நேரத்தோடு இரண்டு விநாடி கூட்டப்படும். இரண்டாவது வகை, நிலையான பந்தயத் தடத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டுவது. நம் சென்னைக்கு அருகே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் முன்னர்ப் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே தனித்தடம் ஏற்பட்டது. ஆட்டோகிராஸில் வேகம் குறைவு, திருப்பம் அதிகம். தடத்திலோ வேகமும் அதிகம், பிரேக்குக்கு வேலையும் அதிகம். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்களைப் படிக்கக் கற்போம். 1989இல் வெளிவந்த மாஸ்டா மியாட்டா என்னும் சிறிய இரண்டிருக்கைக் காரை எடுத்துக்கொள்வோம். ஆட்டோகிராஸ் ஓட்டுவோர் மிகவும் விரும்பும் கார்களுள் அதுவும் ஒன்று. அதன் டயரில் 185/60 ஆர் 14 என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு என்பதைக் குறிக்கும். அதாவது 111 மில்லிமீட்டர். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஆகவே ரிம் 355.6 மில்லிமீட்டர். மேலும் கீழும் பக்கச் சுவர் இருப்பதால் 111ஐ இருமுறை கூட்டுங்கள். டயரின் முழு விட்டம் 577.6 மில்லிமீட்டர் என்று வரும்.

இதே காருக்கு 15 அங்குல ரிம்மும் 195/50 டயரும் பூட்டினால் முழு விட்டம் என்ன? 381உடன் 97.5ஐ இருமுறை கூட்ட, 576 மில்லிமீட்டர். ரிம் ஓர் அங்குலம் வளர்ந்திருக்கிறது. டயரோ ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது! பக்கச் சுவர் குறைந்து ரிம் வளர்ச்சியை ஈடுகட்டிவிட்டது. 17 அங்குல ரிம்மும் 205/40 டயரும் பூட்டினால் 595.8 மில்லிமீட்டர் ஆகும். இது முதல் அளவைவிட நூற்றுக்கு மூன்று பங்கு அதிகம்.

மூன்று பங்கு அற்பமானது என்று எண்ணிவிடாதீர்கள். சக்கரத்தை வந்தடையும் திருப்புவிசையை அதன் ஆரத்தால் வகுத்தால் காரைத் தள்ளும் விசை கிடைக்கும். ஆரம் கூடினால் விசை குறையும். ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் வெளியேறும்போது அந்த மூன்று பங்கு தள்ளுவிசை குறைந்துபோகிறது. வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 100 என்று காட்டும்போது கார் உண்மையில் 103இல் செல்லும். அப்படியானால் டயரை மிகச் சிறியதாக்கிவிடலாமா? அதுவும் கூடாது. ஆட்டோகிராஸில் பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே பாதை முழுவதும் ஓடவேண்டியிருக்கும். டயர் மிகச் சிறுத்தால் எஞ்சின் தன் சுழல் எல்லையை விரைவில் எட்டிவிடும், இடையில் கியர் மாற்ற நேரும், நேரம் வீணாகும்.

அடுத்து எடையைப் பற்றிப் பார்ப்போம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வளையலையும், வட்டமாக அறுத்த மரத்தட்டு ஒன்றையும் சாய்வான பலகையின் உச்சியிலிருந்து ஒரே சமயத்தில் உருளவிடுங்கள். எது கனமானது, எது பெரியது என்று பார்க்க வேண்டியதில்லை. தட்டே முதலில் கீழே வரும். காரணம் என்ன? வளையலின் பொருள் முழுவதும் விளிம்பில் இருக்கிறது. ஆகவே அது தான் பெறும் சக்தியில் பாதியைச் சுழல்வதற்கே செலவிடுகிறது. தட்டு மூன்றில் ஒரு பங்கைத்தான் அதற்குச் செலவிடுகிறது. இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும்: டயரின் வெளிவிளிம்பில் உள்ள ஒரு கிலோ எடை, காரை விரைவுபடுத்தும்போது, இருக்கையின்மேல் வைத்த இரண்டு கிலோ எடைக்குச் சமம். ரிம் பெரிதாகும்போது அதன் உலோக வளையம் மையத்தைவிட்டு வெளியே நகர்கிறது. ஒரே வகை அமைப்பாயின், எடையும் பொதுவாகக் கூடுகிறது. அன்றியும், சக்கரம் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருப்பது. அது கனமானால் மேடுபள்ளங்களில் துள்ளிய டயர் மீண்டும் தரையைப் பற்றத் தாமதமாகும். தரையைப் பற்றாத டயர் திருப்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது.

அவ்வாறாயின் பெரிய ரிம்மால் நன்மையே இல்லையா? உண்டு. பக்கச் சுவர் குட்டையானால் டயர் பக்கவாட்டில் சாய்வது குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் கார் பணியும். அதைவிட முக்கியமானது பிரேக். ரிம்முக்குள்ளேதான் பிரேக் தட்டும் அதனைப் பற்றும் காலிப்பரும் அடங்கவேண்டும். வேகம் இரு மடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சக்தியைப் பிரேக் வெப்பமாக மாற்றவேண்டும். அதற்குப் பெரிய தட்டு தேவைப்படின், அதனை உள்ளடக்கும் ரிம்மும் தேவைப்படும்.

ஃபார்முலா ஒன் பந்தயத்தின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. மிக விரைவான அந்தக் கார்கள் 2021 வரை 13 அங்குல ரிம்களிலேயே ஓடின. அவற்றின் உயரமான பக்கச் சுவர், ஸ்பிரிங் செய்யும் வேலையில் ஒரு பகுதியையும் சேர்த்துச் செய்தது. 2022இல் அவை 18 அங்குலத்துக்கு மாறின. சாலைக் கார்களின் டயர்களை ஒத்திருக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். அவ்வாண்டு கார்களின் எடை கூடியதற்குப் பெரிய சக்கரங்களும் ஒரு காரணமாயின. விரைவாக ஓட வேண்டுமானால் பெரிய ரிம் வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு ஆதாரமற்றது என்பது இதனால் தெளிவாகிறது.

இவற்றையெல்லாம் தொகுத்தால் தேர்வு முறை ஒன்று கிடைக்கிறது. பிரேக்குக்கு இடம் கொடுக்கும் மிகச் சிறிய ரிம் எது என்று முதலில் காணுங்கள். அந்த அளவில், வேண்டிய அகலத்தில், நன்றாகப் பற்றும் டயர் கடையில் கிடைக்கிறதா என்று அடுத்துப் பாருங்கள். கிடைத்தால் அதுவே உங்கள் அளவு. கிடைக்காவிடில் ஓர் அங்குலம் மேலே செல்லுங்கள். மியாட்டா ஓட்டுவோர் பலர் 15 அங்குலத்தில் நிலைத்தது இந்த வழியில்தான்: விட்டம் மாறவில்லை, அகலம் கூடிற்று, அந்த அளவில் பந்தயத்துக்கேற்ற டயர்களும் பல கிடைத்தன. போட்டியின் விதிகளையும் படிக்க மறவாதீர்கள். அமெரிக்கக் கிளப்பின் சாலைக் கார் பிரிவில், தொழிற்சாலை கொடுத்த ரிம் விட்டத்திலிருந்து ஓர் அங்குலம் கூட்டவோ குறைக்கவோதான் இடமுண்டு. ரிம்மின் அகலத்தை மாற்ற இடமில்லை.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை இன்னும் சில உள. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும், அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்தவேண்டும். நடுத்துளை சக்கர மையத்தில் சரியாக அமரவேண்டும். சக்கரம் உள்ளே ஒடுங்கியோ வெளியே பிதுங்கியோ நின்று ஸ்பிரிங்கிலும் மட்கார்டிலும் உரசக் கூடாது. டயரின்மேல் குறித்துள்ள பளுத்தாங்கும் எண் காரின் எடைக்குக் குறையக் கூடாது. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும், நஷ்டம் சில விநாடிகளோடு நில்லாது. வேகமாகச் செல்கையில் டயர் வெடிக்கலாம், போல்ட் முறியலாம். ஓட்டுபவன் உயிர் நான்கு உள்ளங்கையளவு ரப்பரின்மேல் நிற்கிறது. மேலும், ஞாயிறன்று தடத்தில் ஓடும் காரே திங்களன்று கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்லவேண்டும். விரலளவு பக்கச் சுவருள்ள டயர், மழைக்காலக் குழி ஒன்றில் விழுந்தால் ரிம் நெளிந்துவிடும்.

இறுதியாக ஒன்று. விரைவாக ஓட்டும் ஆசை இளமைக்கு இயல்பு. அதனை நான் குறை கூறமாட்டேன். ஆனால் பொதுச் சாலை அதற்குரிய இடம் அன்று. அங்கே பள்ளிக்குச் செல்லும் குழந்தை நடக்கிறது. காய்கறிக் கூடையுடன் மூதாட்டி கடக்கிறாள். கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடிதான் தண்டனை. மனிதரைத் தட்டினால் அதற்கு ஈடு ஏது? தலைக்கவசம் அணிந்து, அனுமதி பெற்ற தடத்தில், கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுங்கள். நண்பன் ஒருவன் 17 அங்குலமே சிறந்தது என்று வாதிட்டால், அவனோடு சண்டை வேண்டாம். ஒரே பாதையில், ஒரே நாளில், இரண்டு சக்கரங்களையும் மாற்றிப் பூட்டி, பல முறை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு எதைச் சொல்கிறதோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.