சாலை வருகிறது, தீ வந்தால் வழி எங்கே?

(கெடா தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



பெரிய சாலைகள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்டது. கெடாவில் அது அலோர் ஸ்டார், குரூண், சுங்கை பட்டாணி வட்டாரங்களின் வழியே செல்கிறது. அதனால் நன்மை உண்டு. ஆனால் அது வேலியிட்ட சாலை. நினைத்த இடத்தில் ஏறவோ, கடக்கவோ முடியாது. லயத்தின் எதிரிலேயே சாலை ஓடினாலும், தீயணைப்பு வண்டி சுற்றித்தான் வரவேண்டும்.

சாலை போடும் காலமோ இன்னும் ஆபத்தானது. தோட்டப் பாதை அடைபடுகிறது. தண்ணீர்க் குழாய் உடைபடுகிறது. வெட்டிய மரம் குவிகிறது. பக்கத்திலேயே டீசல் பீப்பாய் நிற்கிறது. கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறட்சிக் காலம்; பால்மரம் இலை உதிர்ப்பதும் அப்போதுதான். அந்தச் சருகில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் போதும். பலகை லயத்தில் பிடித்த தீ ஒரே வீட்டோடு நிற்குமா?

மண்ணுக்கடியில் இருப்பதையும் மறக்கக்கூடாது. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். குழாயைத் தாங்கிய மண் வலுவிழந்ததே காரணம் என்று விசாரணை கூறியது. சாலை வேலையால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எரிவாயுக் குழாய் கெடாவின் ஊடேயும் செல்கிறது. எங்கே செல்கிறது என்று தெரியாமல் தோண்டலாமா?

தோழர்களே, சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தம்மிடம் வேலை செய்யாதவருக்கும் ஆபத்து நேராமல் பார்ப்பது முதலாளியின் கடமை என்கிறது. ஆகவே குத்தகைக்காரர் தம் ஆட்களை மட்டும் எண்ணித் திட்டம் போட்டால் போதாது. லயத்து மக்களும் அதில் இருக்கவேண்டும்.

நாம் கேட்பது நான்கு.

ஒன்று: மண் தோண்டுமுன் நிர்வாகி, குத்தகைக்காரர், தீயணைப்பு நிலையத்தார், சங்கம் எல்லோரும் ஒரே மேசையில் அமரவேண்டும். லயம், பள்ளி, கோயில், குழாய் யாவும் வரைபடத்தில் இருக்கவேண்டும்.

இரண்டு: மாற்றுவழி திறக்காமல் ஒரு பாதையையும் அடைக்கக்கூடாது. அந்த வழியும் பாலமும் தீயணைப்பு வண்டியின் பாரத்தைத் தாங்கவேண்டும். கேட் சாவி யாரிடம் என்பது இரவிலும் தெரியவேண்டும்.

மூன்று: குழாயை அறுத்தால், அன்றே தொட்டியில் தண்ணீர் நிற்கவேண்டும்.

நான்கு: ஒத்திகை வேலைநாளில் காலையில் நடக்கவேண்டும். நாம் பால் வெட்டப் போனபின் லயத்தில் இருப்பவர் கிழவர்களும் குழந்தைகளுமே. அவர்களை யார் வெளியே கொண்டுவருவார் என்பதைப் பெயர் போட்டு எழுதவேண்டும். தமிழிலும் மலாயிலும், நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களின் மொழியிலும் அது லயத்தில் ஒட்டப்படவேண்டும்.

999-ஐ அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன், இன்று எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பாதை மாறும்போதெல்லாம் பெரட்டில் அறிவிக்கச் செய்யுங்கள்.

பேரேட்டில் ஏறாதது கணக்கில் இல்லை என்பது கிராணிமாருக்குத் தெரியும். வாய்ப்பேச்சு வாக்குறுதியும் அப்படியே. ஒவ்வொரு கிளையும் இந்த நான்கையும் எழுத்தில் கொடுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். புகை கிளம்பியபின் வழி தேடுவது நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவதாகும்.