சுரங்கத்துக்குப் பணம் வந்த வழி

(எல்லைப்புறத் தமிழ்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடுக்கி எல்லையிலிருந்தும் பாலக்காட்டு எல்லையிலிருந்தும் ஒருநாள் கூலியை இழந்து இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தக் கூலிக்கு ஈடாகவாவது நான் பேச வேண்டும். ஆகவே சுற்றி வளைக்காமல் பொருளுக்கு வருகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கங்களைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள், மூலதனம் திரட்டுகிறார்கள் என்று செய்தி வந்தால் நம் பிள்ளைகள் உடனே கேட்பது, "வேலை கிடைக்குமா?" என்பதுதான். வயிற்றுப்பாட்டுக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். திரட்டுகிற பணத்தில் எத்தனை பங்கு குழிக்குள் இறங்கும், எத்தனை பங்கு குழிக்கு வெளியிலேயே கைமாறிப் போய்விடும்? பணம் வற்றிப்போன பிறகு அந்த மண்ணில் மிஞ்சி நிற்கப்போவது யார்?

நமக்குப் பக்கத்து மலையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. கூடலூர், தேவாலா, பந்தலூர் என்று இன்று நாம் சொல்லும் நாடு, 1877 வரை மலபார் வயநாட்டோடு இருந்து, பிறகு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அங்கே ஓடை மணலை அரித்துப் பொன் எடுப்பது மலைமக்கள் நெடுங்காலமாக அறிந்த தொழில். 1874இல் ஆல்பா என்ற கம்பெனி பாறையில் கை வைத்தது. 1879இல் அரசாங்கம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரோ ஸ்மித் என்பவரை அழைத்துவந்து ஆராயச் சொன்னது. 1880இல் அவர் அறிக்கை வெளிவந்தது. இலண்டனில் பைத்தியம் பிடித்தது. இரண்டே ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள்! நாற்பது இலட்சம் பவுனுக்கும் மேல் மூலதனம்!

இந்தப் பணம் எங்கே போனது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் பூச்சியாலும் இலைநோயாலும் நொடித்துக் கிடந்தன. விலை போகாத தோட்டத்தைத் துரைமார்கள் "பொன் விளையும் பூமி" என்று பெயர் மாற்றிக் கம்பெனிகளுக்கு விற்றார்கள். பங்குதாரன் போட்ட பணத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலையாகவே போய்விட்டது. கடப்பாறை மண்ணில் படுவதற்கு முன்பே இலாபம் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். பிறகு இயந்திரம் வாங்கினார்கள். பாறையில் போதுமான பொன் இருக்கிறதா என்று சரியாகப் பார்ப்பதற்கு முன்பே பாறை இடிக்கும் இயந்திரங்கள் கப்பலேறி வந்து, மாட்டுவண்டியில் மலையேறின. இடித்துப் பார்த்தால் ஒரு டன் கல்லில் மூன்று, நான்கு கிராம் பொன்கூடத் தேறவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இயந்திரம் காட்டில் துருப்பிடித்தது. குழிகள் அப்படியே வாய் பிளந்து கிடந்தன.

அந்தக் குழிகளில் இன்றும் மனிதர்கள் இறங்குகிறார்கள், தோழர்களே! உரிமம் இல்லை, காற்றுக்கு வழியில்லை, பாதரசத்தை வெறுங்கையில் பிசைகிறார்கள். தேவாலாப் பக்கத்தில் பழைய குழிக்குள் மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம் உறவுகள் வந்து சேர்ந்ததும் இதே கூடலூர், பந்தலூர் மலைகளுக்குத்தான்.

தங்கம் போகட்டும், கரிக்கு வருவோம். இன்றைய தெலங்கானாவில் இருக்கும் சிங்கரேணிச் சுரங்கத்தைத் திறக்கப் பணம் திரட்டிய கதை, பங்குச் சந்தையில் நடந்த கூத்துகளில் முதல் வரிசையில் வைக்கத்தக்கது. 1871இல் நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் எல்லந்து பக்கத்தில் நிலக்கரி கண்டார். 1886இல் நிஜாம் அரசு, சுரங்க உரிமையை வாட்சன், ஸ்டூவர்ட் என்ற இருவருக்கு எழுதிக்கொடுத்தது. அதை வைத்து இலண்டனில் ஹைதராபாத் டெக்கான் கம்பெனி பிறந்தது. மூலதனம் பத்து இலட்சம் பவுன். பங்கு ஒன்று பத்துப் பவுன் வீதம் ஓர் இலட்சம் பங்குகள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அதில் 85,000 பங்குகளை, முழுப்பணமும் கட்டியதாகக் கணக்கெழுதி, உரிமை வாங்கிய கூட்டமே எடுத்துக்கொண்டது. ஒரு காசு கட்டவில்லை! உண்மையில் பணம் வரவேண்டியது மீதி 15,000 பங்குகளுக்குத்தான். அதாவது கரி தோண்டக் காகிதத்தில் பத்து இலட்சம், கையில் ஒன்றரை இலட்சம்.

இத்தோடு நிற்கவில்லை. நிஜாம் அரசே இந்தக் கம்பெனியின் பங்குகளைப் பன்னிரண்டு பவுன் வீதம் வாங்கியது. தன் மண்ணுக்கடியில் இருந்த கரிக்குத் தானே கூடுதல் விலை கொடுத்தது! அரசின் சார்பில் பேரம் பேசிய உயர் அதிகாரி அப்துல் ஹக், மறைவில் அந்தக் கூட்டத்தின் பங்காளியாகவும் இருந்தார் என்பது பிறகு வெளிவந்தது. 1888இல் இலண்டன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு வைத்தது. அதிகாரி பதவி இழந்தார். 1889 முதல் கரியும் வெளியே வந்தது.

ஆனால் சிங்கரேணியின் கதை வயநாட்டைப் போல முடியவில்லை. 1945இல் நிஜாம் அரசு பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது. இன்று தெலங்கானா அரசுக்கு 51 விழுக்காடும் மத்திய அரசுக்கு 49 விழுக்காடும் இருக்க, அது ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒன்று, அடியில் உண்மையிலேயே கரி இருந்தது. இன்னொன்று, காகிதக்காரன் கையிலிருந்து அதைப் பிடுங்க ஓர் அரசு முன்வந்தது. முதலாவதில்லாமல் இரண்டாவதால் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் பாறையைத் தேசியமயமாக்கி யாருக்கு என்ன கிடைக்கும்?

இனிக் கோலார் தங்கவயல். அது நம் மக்கள் கட்டிய ஊர். 1875இல் லவெல் என்ற பழைய சிப்பாய் அங்கே தோண்டும் உரிமை பெற்றார். கைப்பணம் தீர்ந்ததும் உரிமையைப் பிறருக்கு மாற்றினார். 1880இல் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி அமைந்து, ஜான் டெய்லர் கம்பெனியார் நிர்வாகத்துக்கு வந்தார்கள். அங்கும் முதல் சில ஆண்டுகள் பணம் கரைந்து, மூடிவிடலாமா என்ற நிலை வந்தது. கடைசி முயற்சியில்தான் சாம்பியன் ரீப் பாறை அகப்பட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா! 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன்.

எடுத்தவன் யார்? வடஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து போன தமிழன், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் ஆண்டையின் கொடுமை, இங்கே குழியின் வெப்பம். இரண்டில் குழியே மேல் என்று போனவர்கள். கைரேகை பதிய மறுத்து 1930இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேரைப் பறிகொடுத்தார்கள். பாறைத்தூள் நுரையீரலைக் கல்லாக்கும் நோய்க்கு ஈட்டுத்தொகை உண்டு என்று விதி வந்தது 1940இல்தான். சுரங்கம் தொடங்கி அறுபது ஆண்டு கழித்து! அதற்குள் செத்தவர்கள் கம்பெனியின் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? ஆதாயப் பங்கு ஆண்டுதோறும் இலண்டன் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் கணக்கில் உண்டு.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். நாங்களே கூட்டுறவாக நடத்துகிறோம் என்ற குரல் தொழிலாளர்களிடமிருந்து எழுந்தது. 2013இல் உச்சநீதிமன்றம் உலக அளவில் ஏலம் விட வழிவிட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சுமார் ஆயிரம் ஏக்கரில் பதின்மூன்று மேடுகளாகக் குவிந்திருக்கும் கழிவு மண்ணை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு இசைவு தந்தது. 3 கோடியே 30 இலட்சம் டன் மண். அதில் 23 டன் தங்கம் தேறும் என்று மதிப்பு.

அந்த மண் எது தெரியுமா? தங்கவயல்காரர்கள் சயனைடு மேடு என்பார்களே, அதுதான். காற்றடி காலத்தில் அதன் தூசிதான் சோற்றில் விழுகிறது, தொட்டில் குழந்தையின் மூக்கில் போகிறது. இருபது ஆண்டுக்கு மேலாக அது குப்பை. அப்போது அதை அகற்ற யாரிடமும் பணமில்லை. இப்போது அது செல்வம். அகற்றப் பணம் வருகிறது. வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாரிக்குப்பத்தில் விடியுமுன்னே இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய் இருட்டில் திரும்புகிறானே, அவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பட்டா எங்கே? நோயில் விழுந்த கிழவனுக்கு மருந்து எங்கே? மண்ணைக் கிளறும்போது இன்னும் பறக்கப்போகும் தூசிக்கு யார் பொறுப்பு? ஏலப் பத்திரத்தில் டன் கணக்கு இருப்பதுபோல இதுவும் ஏறியாக வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கேட்டால், 1940போல இன்னும் அறுபது ஆண்டு காத்திருக்கச் சொல்வார்கள்.

தொழிலாளிக்கும் பங்கு கொடுத்துவிட்டால் போதாதா என்று சில நல்ல மனிதர்கள் சொல்கிறார்கள். மூணாறு அம்மாக்கள் முன்னால் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்! 2005இல் கண்ணன் தேவன் தோட்டங்கள் புதிய கம்பெனிக்கு மாறியபோது பெரும்பங்கு ஊழியர், தொழிலாளர் பெயரில் வந்தது. பத்தாண்டு கழிந்து, 2015 செப்டம்பரில், நாள் ஒன்றுக்கு 232 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த அந்தப் "பங்குதாரர்கள்", இருபது விழுக்காடு போனசுக்காகச் சாலையில் உட்கார வேண்டியிருந்தது. ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள், வாங்கிக்காட்டினார்கள். 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை என்று பெயர் பிரித்துக் கொடுத்தார்கள். தன் கம்பெனியிலேயே கருணை வாங்கிய பங்குதாரர்களை உலகில் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்! பங்குப் பத்திரம் கையில் இருப்பது வேறு, நிர்வாகத்தில் வாய் இருப்பது வேறு.

பாலக்காட்டுத் தோழர்களுக்கு ஒரு சொல். உங்கள் அட்டப்பாடியில் பொன் இருக்கிறதா என்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டுப் பார்த்திருக்கிறது. நாளைக்கே யாராவது மூலதனத்தோடு வரலாம். வந்தால் முதலில் நிலம் கைமாறும். அங்கே இருளர், முடுகர், குறும்பர் நிலம் ஏற்கெனவே எவ்வளவு கைவிட்டுப் போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். குடியேறிய நம்மவர்களில் வாங்கியவர்களும் உண்டு, மறைக்க வேண்டாம். அதனால் அந்த மக்களின் ஊர்க்கூட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். நிலத்தின் விலைக்கு எவ்வளவு, குழிக்கு எவ்வளவு, குழியை மூட எவ்வளவு என்று கம்பெனிக்காரனிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவது தொகையை அவன் முன்கூட்டியே அரசிடம் கட்டியிருக்கிறானா என்று இரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால், அவன் கூப்பிடும் வேலைக்கு நம் சங்கத்திலிருந்து ஓர் ஆள்கூடப் போகக்கூடாது.