10ஏ-வுக்கு மாலை, 7ஏ-வுக்கு யார்?



ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ எடுத்த பிள்ளைகளுக்குச் சற்று முன் மாலை போட்டோம், உறை கொடுத்தோம், படம் பிடித்தோம். மகிழ்ச்சி. நான் பேச வந்தது அவர்களைப் பற்றி அல்ல. ஏழு ஏ வாங்கிவிட்டு, மேடைக்கு அழைப்பில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பிள்ளை, அதைப் பற்றி.

அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு முன்படியாக நாடும் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள், மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டவை. 2000-களின் தொடக்கத்தில் மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு கதவு திறந்தது. சீனர், இந்தியர் எல்லாரும் அந்தப் பத்துக்குள்தான் முண்டியடிக்க வேண்டும். 2012-இல் இந்தியர்களுக்கு 1,500 இடம் என்றார் அப்போதைய பிரதமர் நஜிப். 2017-இல் அது 2,200 ஆனது. 2012-க்கு அடுத்த ஆண்டு என்ன? பொதுத் தேர்தல். 2017-க்கு அடுத்த ஆண்டு? அதுவும் பொதுத் தேர்தல். நம் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண்ணா, ஓட்டுப் பெட்டியா? ஆட்சி மாறியது. 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக்கினார்கள். 90-க்கு 10 என்ற கணக்கில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

2024 ஜூனில் பிரதமர் அன்வார், 10ஏ எடுத்த எவருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். நல்ல முடிவு; நானும் கைதட்டினேன். ஆனால், ஐயா, 10ஏ வாங்க முதலில் பத்துப் பாடம் எழுத வேண்டுமே! நம் பிள்ளைக்கு அந்தப் பத்தாவது பாடம் பெரும்பாலும் தமிழோ தமிழ் இலக்கியமோ. பல பள்ளிகளில் அது வகுப்பு நேரத்துக்கு வெளியே நடக்கிறது. பஸ்ஸை விட்டால் வீடு திரும்ப வழியில்லாத பிள்ளை எப்படி இருந்து படிக்கும்? ஒன்பது பாடம் எழுதி ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் அந்த உத்தரவாதத்துக்குள் வராது. அப்பா லாரி ஓட்டி, அம்மா ஷிப்டுக்குப் போகும் வீட்டில் எடுத்த ஏழு ஏ என்ன லேசானதா? 10ஏ பிள்ளைக்கு எங்காவது ஒரு கதவு திறக்கும். இந்த ஏழு ஏ பிள்ளைக்கு உடனே திறப்பது நம் கெடா மாநிலத்துக் கூலிம் தொழிற்பேட்டையின் வாசல்தான். இதே மாநிலத்தில் செமிலிங்கில் நம் சமூகத்தின் பேரைச் சொல்லி எழுந்த ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மருத்துவம் படிக்க லட்சக்கணக்கில் ரிங்கிட் வேண்டும்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது கூடுதலாக நூறு இடம் அல்ல. கேட்டுக் கேட்டு வாங்கும் இடத்தை அடுத்த அமைச்சர் எடுத்துவிடுவார். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்த மதிப்பெண்ணோடு, எந்த வருமானக் குடும்பத்திலிருந்து, எத்தனை பேருக்குக் கிடைத்தது? மாநிலம் மாநிலமாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கணக்கைக் காட்டாமல் 'போட்டி கடுமை' என்று சொன்னால் எப்படி நம்புவது?

நம்மவர்களிடமும் ஒரு வழக்கு இருக்கிறது. மெட்ரிக் கிடைக்காவிட்டால் மானமே போனதுபோல் அழுகிறோம். ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். என்றால் முகம் சுளிக்கிறோம். அது கடினம்தான், மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. மெட்ரிக்கோ ஓராண்டில் முடியும். விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இரண்டுக்கும் ஒரே கணக்கு: படிப்புக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்துக்கு ஆறாம் படிவத்திலிருந்தும் நேராகப் போகலாம். புறப்பாடத்துக்கான அந்தப் பத்து விழுக்காட்டைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். சாரணர் சான்றிதழை அலமாரியில் வைத்துப் பூட்டினால் மதிப்பெண் எங்கிருந்து வரும்?

நாமே இறங்கிச் செய்வது நமக்குப் புதிதல்ல. பீடோங்கில் ஹார்வார்ட் என்றே ஒரு தோட்டம் உண்டு. நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் ஹார்வார்டில் படித்தவர்கள்தான், ஆறாம் வகுப்பு வரை! (சிரிப்பு) சிரிக்கலாம். ஆனால் அதே தோட்டத்தில்தான் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை என்ற இயக்கம் எழுந்தது. 1947-இல் கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தோட்டத்து இளைஞர்கள் மறியல் செய்தார்கள். போலீஸ் அடித்தது, உயிரும் போனது. யாராவது தலைவர் வந்து செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்றைக்கு அடி வாங்க வேண்டாம். விண்ணப்பம் திறந்ததும் ஒவ்வோர் ஊர்க் கோயில் மண்டபத்திலும் ஒரு மேசை, ஒரு கணினி, விவரம் தெரிந்த இரண்டு பேர் போதும். ஏழு ஏ பிள்ளையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களைச் சேர்த்து, மறுத்தால் மேல்முறையீட்டு நாள் கடப்பதற்குள் எழுதிப் போட வேண்டும். ஆசிரியர்களே, பல்கலைக்கழக மாணவர்களே, கூட்டம் முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். மேடையின் இடப்பக்கம் நோட்டு வைத்திருக்கிறோம். பெயரும் ஊரும் எழுதிவிட்டுப் போங்கள்.