முதல் அரை மணி நேரம்

(கமக்காரரும் ஆசிரியரும் பிற உத்தியோகத்தரும் கூடியிருந்த சனசமூக நிலையக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை.)



நாம் மேடையேறினால் மொழியைப் பற்றியும் காணியைப் பற்றியும் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கிவைத்து, நம் வீட்டுக் குழந்தைகளின் உயிரைப் பற்றிப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறோம். நாம் வைத்தியரல்லோம். வைத்தியர்கள் பல்லாண்டுகளாகக் கூறிவருவதை அவர்கள் சார்பில் உங்கள் முன் எடுத்துரைக்க வந்த வழக்கறிஞர் என்றே எம்மைக் கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குழந்தையின் மரண விசாரணைக்கு நாம் சென்றிருந்தோம். இரண்டு வயதுப் பிள்ளை. அடுப்படியில் சோடாப் போத்தலொன்றில் மண்ணெண்ணெய் இருந்தது. தாகமெடுத்த பிள்ளை அதனை எடுத்துக் குடித்துவிட்டது. கண்டு பதறிய பாட்டி, நஞ்சு வெளியேறட்டும் என்று உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைத்தார். வாந்தியோடு மேலேறிய மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கியது. இரண்டாம் நாள் பிள்ளை இறந்தது. வைத்தியர் சாட்சியம் அளித்தார். விபத்தினால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. சட்டத்தின் வேலை அத்துடன் முடிந்தது. வாசலில் அந்தப் பாட்டி எம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, இதை முதலே ஆராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அதற்கு விடை தேடவே இன்று இங்கு நிற்கிறோம்.

அன்பர்களே! நீதிமன்றத்தில் ஒரு வழக்கைத் தொடுக்கச் சட்டம் மாதக்கணக்கில் அவகாசம் தருகின்றது. தவறினால் மேன்முறையீட்டுக்கும் இடமுண்டு. மூச்சு நின்ற குழந்தைக்கு இயற்கை தரும் அவகாசம் சில நிமிடங்களே. அங்கு மேன்முறையீடு கிடையாது. வைத்தியசாலை எத்துணைச் சிறந்ததாயினும், முதல் அரை மணி நேரம் வீட்டுக்கும் அயலுக்குமே உரியது. அந்த அரை மணி நேரத்தை ஆள்வது அறிவா, அச்சமா என்பதே நம்முன் உள்ள வினா.

படிப்பறிவில்லாத தாயின் கையாலும் உயிரைக் காக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு வரலாறு சொல்வோம். 1971 ஆம் ஆண்டு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்குள் வந்து குவிந்தனர். எல்லையோர முகாம்களில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. அங்கு பணியாற்றிய வைத்தியர் திலீப் மகலநோபிஸ், உப்பையும் குளுக்கோசையும் அளவாகக் கலந்த நீரைப் பெரிய கலங்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரையே பருக்கச் செய்தார். முப்பது சதவீதம் வரை எட்டியிருந்த இறப்பு, நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலுக்குள் சீனி தன்னுடன் உப்பையும் சேர்த்து இழுத்துச் செல்லும். உப்பின் பின்னே தண்ணீர் செல்லும். இதுவே அதன் இரகசியம். இலட்சக்கணக்கான குழந்தைகளைக் காத்த இம்முறையை நிலைநாட்டிய கைகள், அகதி முகாமில் தரையில் அமர்ந்திருந்த தாய்மாரின் கைகளே.

ஆகவே வயிற்றோட்டத்திலிருந்தே தொடங்குவோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் தண்ணீரையும் உணவையும் நிறுத்தும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதுவே பிள்ளையைக் கொல்வது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஜீவனிப் பொட்டலத்தை அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரையுங்கள். பொட்டலம் கிடையாவிடின், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமான 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு மிகுந்தால் அதுவும் ஆபத்து. ஆதலால் கைக்கணக்கில் போடாதீர்கள். ஒவ்வொரு முறை வயிறு போனபின்பும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர், மூத்த பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்குங்கள். கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே திரும்பிச் சென்று, பிள்ளை துவண்டு கிடந்தால் வீட்டில் தாமதிக்காதீர்கள். வழிநெடுகப் பருக்கிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றல் ஆகாது.

அடுத்தது மூச்சு. சளியும் இருமலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். அது நியூமோனியாவா என்று ஐயுறுவதற்கு ஒரு மணிக்கூடு போதும். பிள்ளை அழாமல் அமைதியாயிருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. எண்ணிக்கை இவற்றை எட்டினாலோ கடந்தாலோ வைத்தியரிடம் காட்டல் வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க இயலாமற் போனாலும் அது அவசர நிலையே. மூன்று மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டால், வேறு குறி எதுவும் இல்லாவிடினும் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வருவதைக் கண்டு வீடே அலறும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது நேர்வதுண்டு. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே அடங்கும். கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும், வாயில் தண்ணீர் விடுவதும் நாம் வழிவழியாகச் செய்துவரும் பிழைகள். பிள்ளையைத் தரையில் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள், கழுத்து உடுப்பைத் தளர்த்துங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் உடனே வாகனத்தை அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும், முதன்முறை வந்ததாயின் வைத்தியரிடம் காட்டியே தீரல் வேண்டும்.

டெங்குவைக் குறித்து ஒரு வார்த்தை. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டதை மறந்துவிடாதீர்கள். காய்ச்சல் விட்டது என்று நாம் மகிழும் வேளையே அந்நோயில் ஆபத்தான வேளை. காய்ச்சல் தணியும்போது பிள்ளைக்குத் தொடர்ந்த வாந்தி, வயிற்றுநோ, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எதுவேனும் தோன்றினால் இரவென்று பாராது புறப்படுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை மட்டும் நிறைக்கேற்ற அளவிற் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுறொபன் போன்றவற்றைத் தொடாதீர்கள்.

இனி, கச்சான் கொட்டையோ புளியங்கொட்டையோ தொண்டையில் அடைத்தால் என் செய்வது? பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே எழாமல் திணறினால், முன்னோக்கிக் குனியவைத்துத் தோட்பட்டைகளுக்கு இடையே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிடின், ஒரு வயதைக் கடந்த பிள்ளையைப் பின்னின்று அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவாயின் வயிற்றை அழுத்தல் ஆகாது. தலை தாழ முன்னங்கையிற் குப்புறக் கிடத்தி ஐந்து முறை முதுகிற் தட்டி, பின் நிமிர்த்தி நடுநெஞ்சில் இரு விரலால் ஐந்து முறை அழுத்துதல் வேண்டும். அடைத்த பொருள் வெளிவரும் வரை மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும்.

கமக்காரப் பெருமக்களே! நம் தோட்டக் கிணறுகள் நமக்குச் சோறு தருகின்றன. கட்டில்லாத கிணறு நம் பிள்ளையையும் எடுத்துக்கொள்கின்றது. கிணற்றிலிருந்து எடுத்த பிள்ளையைத் தலைகீழாகச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பொன்னான நிமிடங்களைத் தின்றுவிடும். மூச்சில்லையாயின், தலையைச் சற்றுப் பின்சரித்து, வாயோடு வாய்வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். அசைவு இல்லையேல் நெஞ்சின் நடுவில், நெஞ்சுயரத்தில் மூன்றிலொரு பங்கு அமிழும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, உதவி வரும்வரை தொடருங்கள். இதனைச் சொல்லிக் கேட்டால் போதாது. கையாற் பழகல் வேண்டும்.

மண்ணெண்ணெய் குடித்த பிள்ளைக்கோ, அமிலம் குடித்த பிள்ளைக்கோ வாந்தி எடுப்பிக்காதீர்கள். நனைந்த உடையைக் களைந்து உடலைக் கழுவுங்கள். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பூச்சிநாசினியாயினும் விதி அதுவே. அந்தப் பாட்டிக்கு நாம் முன்னரே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் இவ்வளவே.

அறிவு ஒருபுறம் இருக்க, அமைப்பும் வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. எனினும் வண்டி ஒழுங்கைக்குள் வந்துசேரும் வரை நாம் கைகட்டி நிற்கலாமா? நான்கு காரியங்களை இம்மன்றத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: இன்று கூறியவற்றை ஒரே தாளில் எழுதி, 1990 என்ற இலக்கத்தையும் இரவில் வாகனம் தரக்கூடிய அயலவர் பெயர்களையும் சேர்த்து, இந்நிலையத்தின் சுவரில் ஒட்டுவோம். இரண்டு: குடும்பநல உத்தியோகத்தரையும் வைத்தியரையும் அழைத்து, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரேனும் கையாற் பழகச் செய்வோம். மூன்று: வட்டாரத்திலுள்ள கட்டில்லாத கிணறுகளைக் கணக்கெடுத்து, முறைவைத்துக் கட்டுக் கட்டுவோம். நான்கு: எண்ணெயும் மருந்தும் குடிபானப் போத்தலில் இருக்கமாட்டா என்று வீடுதோறும் உறுதி வாங்குவோம்.

அரசாங்கத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டோம் என்று யாரும் எண்ணவேண்டாம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. பிள்ளையின் மருந்தைப் பற்றியும் ஆபத்தைப் பற்றியும் தன் மொழியிற் கேட்டறிவது நம் தாயின் உரிமை. கிராமத்து வைத்தியசாலையில் வைத்தியரும் பிராணவாயுவும் இருத்தல் வேண்டும் என்று கேட்பதும் உரிமை. அவற்றுக்காக மனுக்கொடுப்போம், வாதாடுவோம், வேண்டின் வீதியிலும் நிற்போம். ஆனால் மூச்சுத் திணறும் பிள்ளை மனுவின் விடைக்குக் காத்திராது. உரிமைக்குப் போராடும் கை, பிள்ளையைத் தூக்கிக் காக்கவும் கற்றிருத்தல் வேண்டும்.

தாய்மார்களே, பெரியோர்களே! “முதலே ஆராவது சொல்லியிருக்கலாமே” என்று இனி ஒரு பாட்டி நம்மிடம் கேட்கலாகாது. இன்று கேட்டதை இன்றிரவே அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்கள். நாளை மறுநாள் சுவரில் ஒட்டும் தாளோடு நாம் மீண்டும் வருவோம்.