விரத நாளைக் குறிப்பவர்கள்

 

தமிழர் விழாக்களையும் விரதங்களையும் பற்றிய இந்தக் கருத்தரங்கிற்கு வந்திருக்கும் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை விழாவின் புராணத்தையும் கோயில் வழக்கத்தையும் பேசுகின்றன. வேண்டிய பணிதான். ஆனாலும் நம் துறை நெடுங்காலமாக நிலத்தின் ஒரு மூலையை மட்டுமே உழுது வருகிறது. கந்த சஷ்டி ஏன், தீபாவளி ஏன் என்று நிறைய எழுதிவிட்டோம். அந்த நாள் இன்னது என்று யார், எந்தக் கணக்கைக் கொண்டு முடிவு செய்கிறார் என்பதை மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். விழா ஆய்வின் நடுவில் வைக்க வேண்டிய கேள்வி இது என்று உறுதியாக எண்ணுகிறேன். இந்த உரையை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஆண்டில் நான்கு கணக்குகள் சேர்ந்தே ஓடுகின்றன. பொங்கலும் ஆடிப்பெருக்கும் சித்திரை முதல் நாளும் சூரியனுக்கு உரியவை. சதுர்த்தி, ஏகாதசி, பிரதோஷம், சிவராத்திரி, அமாவாசை ஆகியவை திதிக்கு உரியவை. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், ஆடிப்பூரம், மார்கழித் திருவாதிரை எல்லாம் நட்சத்திரத்தின் சொத்து. ஆடி வெள்ளி, ஆவணி ஞாயிறு, புரட்டாசிச் சனி, கார்த்திகைச் சோமவாரம் கிழமையைப் பற்றி நிற்பவை. இவற்றில் நட்சத்திரக் கணக்குக்குத் தமிழகத்தில் இருக்கும் செல்வாக்கு தனியானது. அது பழமையானதும்கூட. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம், அக்கோயிலின் விழாக்களை மாத வரிசையில் சொல்கிறது: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். மாசிக் கடலாட்டுக்கு மட்டும் நட்சத்திரப் பெயர் இல்லை. அதை இன்று நாம் மகத்தோடு சேர்த்துக்கொள்கிறோம். திதியின் பெயரால் வருவது அட்டமி ஒன்றுதான். ஐப்பசி ஓணம் இன்று மயிலையில் பெருவிழாவாக இல்லை. ஆனால் வைணவர்கள் அதே நாளைப் பொய்கையாழ்வாரின் திருநட்சத்திரமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு நாள் தன் தெய்வத்தை மாற்றிக்கொண்டும் நாளாகவே நின்றுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

நான்கு கணக்குகள் இருந்தால் அவை ஒன்றோடொன்று மோதத்தான் செய்யும். நிலவு 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். ஆகவே ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். முன்னதா, பின்னதா? மாதம் பிறக்கும் நாளிலேயே கருத்து வேறுபாடு உண்டு. சூரியன் மறையுமுன் சங்கிராந்தி நேர்ந்தால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ் முறை. கேரளத்தில் 18 நாழிகை, அதாவது காலை ஆறு மணிக்குச் சூரியோதயம் என்றால் பிற்பகல் ஏறத்தாழ ஒன்றேகால் வரைதான் கணக்கு. நம் சித்திரையும் அவர்களுடைய விஷுவும் சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளி வருவது இதனால்தான்.

2021ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மார்கழிக்கே உரியதென்று நாம் நினைக்கும் வைகுண்ட ஏகாதசியை அங்கே டிசம்பர் 14 அன்று, கார்த்திகை மாதத்திலேயே நடத்தினார்கள். மற்றப் பெருமாள் கோயில்கள் பலவற்றில் 2022 ஜனவரி 13 அன்று சொர்க்கவாசல் திறந்தது. மார்கழிக் கடைசியில் வரும் ஏகாதசியை எடுத்தால், அதிலிருந்து தொடங்கும் இராப்பத்து விழா தை மாதத்துக்குள் நீண்டு, தைத் தேர்த் திருவிழாவான பூபதித் திருநாளோடு மோதும். அதைத் தவிர்க்க 19 ஆண்டுக்கு ஒருமுறை முந்திய ஏகாதசியைக் கொள்வது அக்கோயிலின் வழக்கம். இந்த ஏற்பாட்டை மணவாள மாமுனிகளோடு தொடர்புபடுத்துவார்கள். அந்த 19 என்ற எண்ணைக் கவனியுங்கள். 19 சூரிய ஆண்டுகளும் 235 சந்திர மாதங்களும் கால் நாளுக்கும் குறைந்த வேறுபாட்டில் ஒன்றுபடுகின்றன. வானியலாளர் ஏட்டில் எழுதிவைக்கும் ஓர் உண்மையை, தேர்த் திருநாள் மோதாமல் பார்த்துக்கொள்ளும் கவலையிலிருந்து ஒரு கோயில் நிர்வாகம் கைக்கொண்டிருக்கிறது. இதை ‘வழக்கம்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சிவகாசியில் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கும் தினசரி காலண்டரில் கார்த்திகை மாதத் தாள்களைப் புரட்டுங்கள். அண்ணாமலையார் தீபம், சர்வாலய தீபம், வைகானச தீபம், பாஞ்சராத்ர தீபம் என்ற பெயர்களை அங்கே பார்க்கலாம். ஆவணியில் கோகுலாஷ்டமி ஒரு தாளிலும் ஸ்ரீஜயந்தி இன்னொரு தாளிலும் இருக்கும். முன்னது அஷ்டமியைப் பிடிக்கிறது, பின்னது ரோகிணியையும் விடாமல் பிடிக்கிறது. ஏகாதசியிலும் ஸ்மார்த்தர் நாள், வைஷ்ணவர் நாள் என்று இரண்டு உண்டு. விடியலுக்கு முன் தசமி கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூட வைணவர் அந்த நாளை விட்டு மறுநாள் பட்டினி இருப்பார். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் இடையில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த வரிகளில் வைகானசம், பாஞ்சராத்ரம் போன்ற ஆகமங்களின் வரலாறே இருக்கிறது. நாம் அதை நாள்தோறும் கிழித்துப் போடுகிறோம்.

அடுத்தது வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வழக்கு. இதில் நம்மவர்கள் எளிதில் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். இன்றைய வானியலோடு பொருந்துவது திருக்கணிதம் என்பதில் ஐயமில்லை. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்றே சனி கும்பத்துக்குப் போய்விட்டது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 20 அன்றுதான் நடந்தது. ஏறத்தாழ பதினோரு மாத இடைவெளி! யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைக்கும் நேரத்தையே இரு பஞ்சாங்கத்துக்கும் தனித்தனியாகப் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. வாக்கியம் பிழை என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அது எப்படிப்பட்ட கணிதம் என்று தெரிந்துகொண்டு சொல்வோம். 248 நாளுக்கு ஒருமுறை நிலவின் நடை ஏறக்குறைய அதே ஒழுங்குக்குத் திரும்புகிறது. அந்த 248 நாளின் நிலைகளையும் எண்களாக வைக்காமல், எழுத்துக்கு எண் கொடுத்து, வாக்கியம் எனப்படும் சொற்றொடர்களாக மனப்பாடம் செய்தார்கள். சென்னையில் 1825இல் வெளிவந்த ‘கால சங்கலித’ நூலின் ஆசிரியர் ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைத் தன் முன் உட்காரவைத்து, அவ்வாண்டு மே 31 இரவு நேர இருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் ஏடும் எழுத்தாணியும் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவில் இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்திக் கணக்கை முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடமே பிசகியது. முடிவில் 52 நிமிடம் பிசகியது. அந்த நான்கு நிமிடத்தையும் ஐம்பத்திரண்டையும் சேர்த்தே மதிப்பிடுவதுதான் ஆய்வாளருக்கு அழகு.

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு வகையில் அச்சிலோ ஏட்டிலோ கிடைக்கும். என் கவலை முழுவதும் வீட்டு நோன்புகளைப் பற்றியது. காரடையான் நோன்பு மாசியும் பங்குனியும் கூடும் வேளைக்கு உரியது. அது நள்ளிரவென்றால் நள்ளிரவில் அடுப்பு எரியும், அடை வேகும், சரடு கழுத்தில் ஏறும். நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையில் தொடங்கி 21 நாள். கோடித் துணியிலிருந்து எடுத்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்கிறார்கள். இழை எடுத்துக்கொள்வது என்று அதற்குப் பெயர். சஷ்டியும் சதயமும் கூட வேண்டிய நிறைவு நாள் அது. எண்ணிக்கை, திதி, நட்சத்திரம் என மூன்று கணக்குகள் ஒரே மாலையில் சந்திக்க வேண்டும். சந்திக்காத ஆண்டில் எதை விடுவது, அதை யாரிடம் கேட்பது? இதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய நேரம் இது.

தென்மாவட்டங்களின் ஔவையார் நோன்பைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஆண்கள் உறங்கிய பின் பெண்கள் கூடுகிறார்கள். உப்பில்லாத பச்சரிசிக் கொழுக்கட்டை அவிக்கிறார்கள். மூத்தவர் கதை சொல்கிறார். ஆண் குழந்தைகூட அதைக் காணக்கூடாது, கொழுக்கட்டையைத் தொடக்கூடாது. இந்த நோன்புக்குக் குருக்கள் இல்லை, பஞ்சாங்கம் இல்லை. ‘தட்டினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்ற ஒரு வழக்கு மட்டும் இருக்கிறது. தையில் தட்டிப்போனால் மாசி, அதையும் தவறவிட்டால் ஆடி. மாதத்தையும், தவறினால் என்ன செய்வது என்ற விதியையும் மூன்றே துண்டில் வைத்திருக்கும் முழுமையான நாள்காட்டி இது. இதை ஆக்கியவர்கள் பெண்கள், காப்பவர்களும் அவர்களே. ஆண் ஆய்வாளர்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய இடம் இது என்பதால் நம் நூல்களில் இதற்குக் கிடைத்த பக்கங்கள் மிகச் சில. இந்த அவையில் அமர்ந்திருக்கும் மாணவியர் இப்பணியைத் தங்களுடையதாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று உரிமையோடு கேட்கிறேன். அந்தப் பெண்கள் வெளியே சொல்லக்கூடாது என்று வைத்திருப்பதை மதித்து, அவர்கள் இசைவோடு பதிவு செய்யுங்கள்.

இந்தப் பணிக்கு நம் முன் ஒரு முன்மாதிரி உண்டு. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கத்தோலிக்கர், அரசுப் பணியில் இருந்தவர். கல்வெட்டில் மாதமும் பட்சமும் திதியும் கிழமையும் நட்சத்திரமும் கண்டால் அது எந்த ஆங்கிலத் தேதி என்று கண்டுபிடிக்க, கி.பி. 700 முதல் 1799 வரை நாள்வாரியாகக் கணித்து ‘இந்தியன் எஃபிமெரிஸ்’ தொகுதிகளைத் தந்தார். சோழர் காலக் கணக்கு இன்று நிற்பதில் அந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் கற்களுக்குச் செய்ததை வாழும் வீடுகளுக்கும் கோயில்களுக்கும் நாம் செய்யலாம். ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் அங்கே எந்த நாளில் எந்த விரதம், எந்தக் கணக்கில், யார் சொல்லி, இரண்டு நாள் போட்டியிட்டபோது எதை விட்டார்கள், விரதம் முடிக்கும் பாரணை எப்போது என்று எழுதுங்கள். ஐயம் வந்த ஆண்டுகளை மறக்காமல் குறியுங்கள். கணக்கு வெளியே தெரிவது அப்போதுதான். இன்றைய அமர்வுகளில் கட்டுரை படிப்பவர்களும், நேரம் இடங்கொடுத்தால், தாங்கள் பேசும் விழாவின் நாளை அவ்வூரில் யார் குறிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.