பிந்தி வந்த வைத்தியர்கள்



இலக்கிய உலகில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஆங்கிலக் கவிஞர் கீற்ஸ் 1816 இல் மருந்தாளராகத் தொழில் செய்ய அனுமதி பெற்றவர்; கவிதைக்காக அத்தொழிலைக் கைவிட்டார். சோமர்செட் மோம் வைத்தியப் படிப்பை முடித்த கையோடு எழுத்தாளரானார். ருஷ்ய எழுத்தாளர் செக்கோவ் இரண்டையும் விடாமல் வாழ்ந்தவர். மருத்துவத்திலிருந்து எழுத்துக்கு வந்தவர்களின் கதை நமக்குப் பழக்கமானது. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்களைப் பற்றி. வேறு தொழில் பார்த்து, வயதும் வந்து, வாழ்க்கையும் ஒருவாறு அமைந்த பின் மருத்துவம் கற்கப் புறப்பட்டவர்களைப் பற்றி.

நான் கோப்பாய்வாசி. சபாபதி நாவலரைத் தந்த எங்கள் ஊர் ஆசிரியர்களின் ஊர். ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இங்கேதான் இருக்கின்றன. ஆனால் மருத்துவமும் எங்களுக்குத் தூரமன்று. கோப்பாயிலிருந்து உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கைதடி. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ஆரம்பமானபோது அது முதலில் இயங்கியது கைதடியில், ஆயுள்வேத வைத்தியசாலை வளவிலேதான். 2020 இல் கொரோனாத் தொற்று பரவியவேளை எங்கள் கல்வியியற் கல்லூரியே சிகிச்சை நிலையமாக மாறியதையும் கண்டோம். கரும்பலகை இருந்த இடத்திற்குக் கட்டில்கள் வந்தன. ஒரு கட்டடம் தொழில் மாறலாம். ஒரு மனிதர் மாறலாமா?

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா பிறந்ததன்று. எங்கள் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுள் பலர் மருத்துவ பீடத்தின் வாசல்வரை சென்று, சில புள்ளிகளால் திரும்பியவர்கள். அவர்களுள் ஒருவர், என்னிடம் தமிழ் படித்தவர், முப்பத்தைந்தைத் தாண்டியவர், அண்மையில் என்னிடம் கேட்டார்: "சேர், இந்த வயதிலை நான் டொக்டருக்குப் படிக்க வெளிக்கிட்டால் சனம் சிரிக்குமோ?"

சனம் சிரிக்கும்தான். அது பெரிய தடையன்று. பெரிய தடை வாசல். எங்கள் நாட்டில் அரச மருத்துவ பீடங்களுக்குப் பிள்ளைகள் செல்லும் வழி க.பொ.த. உயர்தரப் பரீட்சை. பல்கலைக்கழக அனுமதிக்காக அதனை மூன்று தடவைதான் எழுதலாம். இருபத்தொரு வயதில், இருபத்திரண்டு வயதில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அதன்பின் இருப்பது வெளிநாடு. அதற்குப் பணம் வேண்டும். திரும்பி வந்தால் இங்கே இன்னொரு பரீட்சையும் எழுத வேண்டும். ஆசிரியச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு அது நடக்கிற காரியமா?

உலகில் இவ்வாறு புறப்பட்டவர்களுள் பெயர்பெற்றவர் அல்பேட் சுவைட்சர். 1875 இல் பிறந்தவர். முப்பது வயதில் அவர் சமய அறிஞர், பல்கலைக்கழக ஆசிரியர், ஓர்கன் வாத்தியக் கலைஞர், இசைமேதை பாஹ் பற்றி நூல் எழுதியவர். இத்தனை இருந்தும் 1905 இல் ஸ்ராஸ்பேர்க்கில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உறவினரும் நண்பரும் தடுத்தார்கள். கிடைத்த திறமையைப் புதைக்கிறாய் என்றார்கள். அவர் கேட்கவில்லை. 1913 இல் படிப்பை நிறைவுசெய்து, ஆபிரிக்காவின் கபொனில் லம்பரேனே என்ற இடத்திற்கு வைத்தியராகப் போனார். முப்பதைக் கடந்த பின் மனனஞ் செய்யும் சக்தி முன்போல இருக்கவில்லை என்று தம் சுயசரிதையில் அவரே சொல்கிறார். ஆனால் பழைய வாழ்வு வீணாகவில்லை. அவருடைய ஓர்கன் கச்சேரிகளும் நூல்களும் அந்த வைத்தியசாலைக்குப் பணம் தேடித் தந்தன.

சுவைட்சரைத் தேடி ஆபிரிக்கா போக வேண்டியதில்லை. மானிப்பாய்க்கு வந்தாலே போதும். வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் பிறந்தவர். அவர் முதலில் பார்த்தது வைத்தியமன்று. நியூயோர்க்கில் ஒரு மிசன் சபையின் காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலை. அதன் பின்னரே மருத்துவம் கற்று 1845 இல் பட்டம் பெற்றார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, வட்டுக்கோட்டையிலும் பின் மானிப்பாயிலும் பணியாற்றினார்.

காரியாலய மேசையை விட்டபோது அவர் இளைஞர்தான். அவருடைய உண்மையான பிந்திய படிப்பு இங்கு வந்த பின்பே தொடங்கியது. அந்தப் படிப்பின் பெயர் தமிழ். முதலில் அவர் எங்கள் இளைஞருக்கு ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போக, கிராமங்கள் வைத்தியரின்றிக் கிடப்பதைக் கண்டார். தமிழில் கற்றவன் தமிழ்க் கிராமத்தில் இருப்பான் என்பது அவருடைய கணக்கு. ஆகவே ஒரு வைத்தியர் மறுபடியும் மாணவரானார். தமிழ் கற்றார், தம் மாணவர்களின் துணையோடு நூல்களைத் தமிழாக்கினார். 1867 இல் இரணவைத்தியம், 1872 இல் மனுஷ அங்காதிபாதம், 1875 இல் கெமிஸ்தம், 1883 இல் மனுஷ சுகரணம் என அவை வந்தன. சுகரணம் என்றால் உடற்றொழிலியல். பெயர்களைப் பாருங்கள்: ஒன்றில் வடமொழிச் சொற்கள் தமிழ் வடிவில் நிற்கின்றன; இன்னொன்றில் ஆங்கிலச் சொல்லே தமிழ் உடுத்து நிற்கிறது. கலைச்சொல்லுக்கு அவர் பட்ட பாடு அந்தத் தலைப்புகளிலேயே தெரிகிறது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அவர் வைத்தியர்களாக்கினார். 1873 இல் ஊர் திரும்பிய பின்னும், 1884 இல் கண்மூடும்வரை தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை.

ஏடுகளை ஒழுங்குபடுத்தி, சொற்பட்டியல் எழுதி, அச்சுப்படி திருத்தும் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் காரியாலய மேசையிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். பழைய தொழில் புதிய தொழிலுக்குக் கொடுத்த சீதனம் அது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. தமிழ்நாட்டில், தருமபுரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் நீட் தேர்வு எழுதித் தேறினார். 2022 ஜனவரியில் கலந்தாய்வுக்கும் போனார். கடைசியில், தம் மகனின் சொல்லைக் கேட்டு, அந்த இடம் ஓர் இளம்பிள்ளைக்குப் போகட்டும் என்று விட்டுக்கொடுத்துவிட்டார். படிக்கப் புறப்பட்டதும் பெரிது, விட்டுக்கொடுத்ததும் பெரிது. ஓர் ஆசனத்தை அரசு பல இலட்சம் செலவழித்து உருவாக்குகிறது. அதில் இருப்பவர் எத்தனை ஆண்டு சேவை செய்வார் என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் முப்பத்தாறு அறுபத்தொன்று அன்று. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி. நாற்பத்திரண்டில் வைத்தியர். அறுபதை எட்டும்போது பதினெட்டு வருடச் சேவை. பதினெட்டு வருடம் சிறிய காலமா?

அவர் கையோடு கொண்டுவருவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் வைத்தியசாலைகளில் வெளிநோயாளர் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். "அம்மா, உங்களுக்குச் சீனி கூட" என்று சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த அம்மா வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியில் சீனியை மட்டும் குறைத்துவிட்டு, மூன்று வேளையும் சோறு குவித்துச் சாப்பிடுகிறா. பிழை அவவினுடையதா? ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வைத்தியருக்கு நேரமில்லை, சில வேளை சொல்லும் வகையும் தெரியவில்லை. பதினைந்து வருடம் பின்வாங்கில் பிள்ளைக்கும் விளங்கும்படி பாடம் சொன்ன ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தால், அந்த அம்மாவுக்குத் தன் நோய் விளங்கும். கிறீன் தமிழுக்கு வந்ததும் இதற்காகத்தான்.

அமெரிக்காவில் முதற்பட்டம் ஒன்று பெற்ற பின்பே பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பட்டதாரிகளுக்கென நான்கு வருட மருத்துவப் படிப்புகள் உண்டு. இங்கும் சில ஆசனங்களை அவ்வாறு வைக்கலாகாதா? பிள்ளைகளின் இடத்தில் கைவைக்காமல், மேலதிகமாக. பட்டமும் சில வருடச் சேவையும் உள்ளவர்கள் தமக்குள் போட்டியிடட்டும். படித்து முடித்தபின் வைத்தியர் நிலைக்காத ஊர்களில் இத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கட்டும். வன்னியில் அத்தகைய ஊர்களுக்குக் குறைவில்லை.

என்னிடம் கேட்டவருக்கு நான் சொன்னது இவ்வளவே: "தம்பி, வயதைக் கேளாதையும். ஆருக்காகப் படிக்கப் போறீர் எண்டு கேளும். வீட்டுக்காறியோடையும் இருந்து கதையும். சனத்தைப் பிறகு பாப்பம்."

அவர் எந்த முடிவை எடுத்தாலும் அது அவருடைய உரிமை. ஆனால் அந்த முடிவை இருபத்திரண்டு வயதில் எழுதிய ஒரு பரீட்சை அவருக்காக எடுத்துவிடக் கூடாது. ஒரு பெறுபேற்றுத் தாள் ஒரு பிள்ளையின் அந்த ஆண்டுப் படிப்பை அளக்கும், ஆயுளை அளக்காது. எழுதுவினைஞர் ஒருவர் வைத்தியரானதால் எங்கள் மொழிக்கு மருத்துவ நூல்கள் கிடைத்தன. இன்று எங்கள் வகுப்பறைகளில் நிற்பவர்களிடம் இன்னும் என்னென்ன இருக்கின்றனவோ, வாசலைத் திறந்தால்தானே தெரியும்?